தகடூர் ஆற்றங்கரையின் மருது

நீர்மருது, ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் கரைகளில் வளரும் பெருமரம். இதன் தாவரவியல் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா. தருமபுரி மாவட்டத்தில், ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் கரையில் இம்மரம் இயல்பாக வளர்ந்து நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பச்சை மாறாமல் இருக்கும். கோடையின் தொடக்கத்தில் பழைய இலைகள் உதிரும்போதே புதுத் தளிர்களும் வந்துவிடுவதால், மரம் மொட்டையாக நிற்கும் நாட்கள் மிகக் குறைவு. சுற்றிலும் உள்ள மலைக்காடு கோடையில் சருகாகிக் கிடக்கும்போது, ஆற்றை ஒட்டி மட்டும் ஒரு பச்சைக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் நாவல், புங்கை, புளி ஆகியவற்றுடன் மருதும் உண்டு.

இம்மரத்தை அடையாளம் காண்பது எளிது என்றே தோன்றும். ஆனால் ‘மருது’ என்ற பெயர் தமிழில் ஒரே மரத்துக்கு உரியதாக இருந்ததில்லை. நீர்மருது, கருமருது, பூமருது, பிள்ளமருது என்று குறைந்தது நான்கு மரங்கள் இப்பெயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐந்திணையில் ஒன்றுக்கே பெயர் தந்த மருதம் இவற்றுள் எது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மருந்துக்குப் பட்டை வாங்குபவர், ஆற்றங்கரையில் நடுவதற்குக் கன்று கேட்பவர், சங்கப் பாடலுக்கு உரை எழுதுபவர் ஆகிய மூவருக்கும் இந்தக் குழப்பம் பொதுவானது. தருமபுரி இந்தக் கேள்வியை ஆராய வசதியான இடம். மருதின் பெயர் இங்கே மூன்று மொழிகளில் கிடைக்கிறது.

மூன்று மொழிகளில் ஒரு பெயர்

தருமபுரி பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிரிக்கப்பட்டது. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இந்த இரு மாவட்டங்களையும் சேர்த்து ஒரு காலத்தில் பாராமகால் என்றார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழி பேசுவோரும் கலந்து வாழும் பகுதி இது. ஒகேனக்கல் என்ற ஊர்ப்பெயரே கன்னடம்தான்: ஹொகெ என்றால் புகை, கல் என்றால் பாறை. அருவி நீர்த்துளிகள் புகையாய் எழும் பாறை என்பது பொருள்.

தமிழில் மருது என்பதைக் கன்னடத்தார் மத்தி என்கிறார்கள். தெலுங்கிலும் மத்திதான், ஆனால் தகரத்தைப் ‘பந்து’ என்ற சொல்லில் வருவது போல மென்மையாக ஒலிப்பார்கள். மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்களாகவே தெரிகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது அடைமொழிகளை. ஆற்றங்கரை மரத்தைக் கன்னடத்தில் ஹொளெமத்தி என்பர். ஹொளெ என்றால் ஆறு. தெலுங்கில் அது ஏருமத்தி. ஏரு என்பதும் ஆறுதான். தமிழிலும் மலையாளத்திலும் அது நீர்மருது. இதே மரத்துக்கு நிறத்தை வைத்தும் பெயர்கள் உண்டு. தமிழில் வெள்ளைமருது, கன்னடத்தில் பிளிமத்தி, தெலுங்கில் தெல்லமத்தி: மூன்றும் வெண்மையைச் சொல்கின்றன. மலைச்சரிவுகளில் நிற்கும் அதன் உறவுமரம் தமிழில் கருமருது, கன்னடத்தில் கரிமத்தி, தெலுங்கில் நல்லமத்தி. மூன்றும் கறுப்பைச் சொல்கின்றன.

ஆக, நான்கு மொழிகளின் ஊர்மக்களும் ஒரே இரண்டு கேள்விகளைக் கேட்டு மரத்தைப் பிரித்திருக்கிறார்கள். தண்ணீரை ஒட்டி நிற்கிறதா? அடிமரம் வெளுப்பா, கறுப்பா? பூவைப் பற்றியோ காயைப் பற்றியோ அவர்கள் கேட்கவில்லை. மருது என்பது ஒரு மரக்கூட்டத்தின் பொதுப்பெயர். முன்னால் வரும் அடைமொழியே அடையாளம் காட்டும் குறிப்பு என்று கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடுகிறது. அடைமொழி இல்லாமல் வெறும் ‘மருதம்’ என்று வரும் இடங்களில்தான் சிக்கல். அப்படி வரும் இடங்கள் பெரும்பாலும் சங்கப் பாடல்கள்.

சங்கப் பாடல்களில் மருதம்

தொல்காப்பியம் நிலத்தை வகுக்கும்போது வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய மருதத்தை வேந்தனுக்கு உரிய இனிய நீர் நிலமாகக் காட்டுகிறது. அந்த நிலத்துக்குப் பெயர் தந்தது மருத மரம் என்பதே மரபான விளக்கம். சங்கப் பாடல்களில் இம்மரம் பெரும்பாலும் ஆற்றுத்துறையில்தான் நிற்கிறது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில், உயர்ந்து ஓங்கிய மருத மரங்கள் நிற்கும் பெருந்துறையில் தலைவன் பிற பெண்டிரோடு நீராடுகிறான். குறுந்தொகையின் 258-ஆம் பாட்டில் காவிரியின் நீராடுதுறையில் ஒரு மருத மரத்தில் யானையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மதுரையில் வையைக் கரையிலும் மருதந்துறை என்று பெயர் பெற்ற ஒரு துறை இருந்தது.

யானையைக் கட்டத்தக்க அடிமரமும், கூட்டம் கூடி நீராடும் துறைக்கு நிழல் தரும் உயரமும் கொண்ட ஆற்றோர மரம் என்றால் நீர்மருதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பூவைப் பற்றிய பாடல்களுக்கு வந்தால் படம் மாறுகிறது. குறுந்தொகையின் 50-ஆம் பாட்டில், வெண்கடுகு போன்ற ஞாழலின் சிறுபூக்களும் மருதின் சிவந்த பூக்களும் துறையில் உதிர்ந்து பரவிக் கிடக்கின்றன. திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் கூந்தலில் செருகும் பூக்களுள் மருதின் ஒளிமிக்க பூங்கொத்தும் ஒன்று. அதற்குக் கரிய புறவிதழும் குதிரையின் பிடரிமயிர் போன்ற தோற்றமும் இருப்பதாகப் புலவர் சொல்கிறார்.

நீர்மருதின் பூ இப்படி இருப்பதில்லை. அது வெளிர்மஞ்சள் நிறத்தில், கதிர்போன்ற கொத்தில், அல்லிவட்டமே இல்லாமல் பூக்கும் மிகச்சிறு பூ. தலையில் சூட எவரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள். பூமருது வேறுவிதம். லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா எனப்படும் அம்மரம் கோடையில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய பூக்களைக் கிளைநுனிகளில் கொத்துக்கொத்தாகச் சூடி நிற்கும். இதழ்கள் கசங்கிய பட்டுத்துணி போல இருக்கும். புறவிதழ்களில் துருநிறப் பூம்பஞ்சு படிந்திருக்கும். திருமுருகாற்றுப்படையின் வருணனைக்கு இது மிகவும் நெருக்கமாகப் பொருந்துகிறது. இதைக் காட்டித்தான் சங்க மருதம் பூமருதே என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள்.

இரு பக்கமும் சான்று இருக்கும்போது, ஒன்றை மட்டும் சரி என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டு முடிப்பது அவசரம். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களிலும் மருதம் இடம்பெறுகிறது. அங்கே அது பூ என்ற முறையில் மட்டுமே வருகிறது, மரத்தைப் பற்றிய செய்தி இல்லை. என் கருத்தில், துறைப் பாடல்களின் ஓங்கிய மரமும் கூந்தலில் சூடிய பூவும் ஒரே மரத்திலிருந்துதான் வந்தன என்று கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. இன்று நான்கு மரங்களுக்கு வழங்கும் பெயர் அன்று ஒன்றுக்கு மட்டுமே வழங்கியது என்பதற்கு என்ன ஆதாரம்? பூமருதும் வெளிறிய, உரிந்து விழும் பட்டை உடையது. ஈரமான இடத்தையே விரும்புவது. அடிமரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே இனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

தகடூருக்கும் இந்தத் திணைக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லிவிடலாம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன் என்பதால் அஞ்சியின் நாட்டை மலைநாடாகவே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் அவன் முன்னோரைப் புகழும்போது, கரும்பை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தவர்கள் என்கிறார். கரும்பு நீர்வளம் வேண்டும் பயிர். மருத நிலத்துப் பயிர். ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் இந்த மேட்டுநிலத்தில் மருதத் திணை என்பது பரந்த சமவெளியாக இல்லை. ஆற்றையும் ஏரியையும் ஒட்டிய மெல்லிய பட்டையாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. மருத மரமும் அந்தப் பட்டைக்குள்தான் நிற்கிறது. தஞ்சைச் சமவெளியில் மருதைத் தேடுவதைவிட இங்கே தேடுவது எளிது. நீர் எங்கே முடிகிறதோ அங்கே மரமும் முடிந்துவிடும்.

இடைமருது

பக்தி இயக்கக் காலத்தில் மரத்தின் அடையாளம் உறுதிப்படுகிறது. தேவாரம் பாடும் இடைமருது என்பது தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர். அதன் வடமொழிப் பெயர் மத்தியார்ச்சுனம். வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது, அதாவது மல்லிகார்ச்சுனம். தெற்கே நெல்லை மாவட்டத்துத் திருப்புடைமருதூர் புடார்ச்சுனம். மூன்றிலும் தலமரம் மருது. மூன்றிலும் தமிழில் மருது என்று இருப்பது வடமொழியில் அர்ச்சுனம் ஆகிறது. அர்ச்சுனம் என்றால் வெண்மை. வெள்ளைமருது, பிளிமத்தி, தெல்லமத்தி என்று ஊர்மக்கள் சொன்ன அதே நிறம்.

மூன்று தலங்களும் ஆற்றங்கரையில் இருப்பதையும் கவனிக்கலாம். ஸ்ரீசைலம் கிருஷ்ணைக் கரை, இடைமருது காவிரிக் கரை, புடைமருது தாமிரவருணிக் கரை. நிறம், நீர் என்ற இரண்டு குறிப்புகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன. கண்ணன் உரலோடு தவழ்ந்து சாய்த்த இரட்டை மரங்களை வடமொழியில் யமளார்ச்சுனம் என்பர். ஆழ்வார்கள் அவற்றையும் மருது என்றே பாடினார்கள். எனவே சங்க மருதம் எதுவாக இருந்தாலும், பக்திக் காலத்து மருது வெண்பட்டை உடைய நீர்மருது என்று துணிந்து சொல்லலாம்.

ராக்ஸ்பர்க்கும் வைட்டும்

ஐரோப்பியத் தாவரவியலார் இம்மரத்தைப் பதிவு செய்ய முனைந்தபோது உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின்னர் 1793-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளரான வில்லியம் ராக்ஸ்பர்க், இதற்குப் பென்டாப்டெரா அர்ஜுனா என்று பெயரிட்டார். பென்டாப்டெரா என்றால் ஐந்து சிறகு உடையது; காயின் வடிவத்தைக் குறிக்கும் சொல். ராக்ஸ்பர்க் 1815-இல் மறைந்தார். அவர் வைத்த பெயரை ஜெனீவாவில் இருந்த கண்டோல் 1828-இல் முறையான விளக்கத்துடன் வெளியிட்டார். 1834-இல் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய தங்கள் நூலில் இதை டெர்மினாலியா பேரினத்துக்கு மாற்றினார்கள். அன்று முதல் டெர்மினாலியா அர்ஜுனா என்ற பெயர் மாறவில்லை.

கருமருதுக்கு இந்த நற்பேறு கிடைக்கவில்லை. டொமென்டோசா, அலாட்டா, கோரியேசியா, எலிப்டிகா என்று அதன் அறிவியல் பெயர் நூலுக்கு நூல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய வனத்துறை நூல் ஒன்றையும் புதிய தாவரப் பட்டியல் ஒன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர் இவை நான்கு தனித்தனி மரங்கள் என்றே நினைத்துவிடுவார். உள்ளூர்ப் பெயர் நம்பத்தகாதது, அறிவியல் பெயரே நிலையானது என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். கருமருது விஷயத்தில் அது தலைகீழ்.

அறிவியல் ஒரு செய்தியைத் தெளிவாக்கியது. நீர்மருது, கருமருது, பிள்ளமருது ஆகிய மூன்றும் ஒரே பேரினம். கடுக்காயும் தான்றியும் இவற்றின் நெருங்கிய உறவு. பூமருது அந்தக் குடும்பமே அல்ல. அது மருதோன்றியும் மாதுளையும் சேர்ந்த குடும்பம். தமிழ்நாட்டின் வறண்ட கிழக்குப் பகுதிகளின் தாவரங்களை 1980-களில் தொகுத்து வெளியிட்ட திருச்சிராப்பள்ளி ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தின் கே. எம். மாத்யூவின் பணிக்குப் பிறகு, தருமபுரி போன்ற மாவட்டங்களின் மரங்களைச் சரிபார்க்க மாணவர்களுக்கு நம்பகமான துணை கிடைத்தது.

மரத்தடியில் நின்று பார்த்தால்

நூலில் படித்ததைக் கரையில் நின்று சரிபார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பூ, காய் எதுவும் இல்லாத மாதத்திலும் அடிமரத்தைக் கொண்டே பெரும்பாலும் முடிவுக்கு வரமுடியும். நீர்மருதின் பட்டை வழவழப்பானது. சாம்பலும் வெண்மையும் கலந்து, சில இடங்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் படர்ந்து தெரியும். மெல்லிய தகடுகளாக உரிந்து விழும். கொய்யா மரத்தின் அடியைப் பல மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. வயதான மரத்தின் தூர் பலகைபோல் பக்கவாட்டில் விரிந்து, கரை மண்ணையும் பாறை இடுக்கையும் பற்றி நிற்கும். உயரம் 20 முதல் 25 மீட்டர் வரை, சில மரங்கள் அதற்கும் மேல். கிளைகளின் நுனி தாழ்ந்து தொங்கும்.

கருமருதின் அடிமரம் இதற்கு நேர்மாறு. கருஞ்சாம்பல் நிறம், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஆழமாக வெடித்துச் சதுரம் சதுரமாக இருக்கும். முதலைத்தோல் மரம் என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கருமருது நிற்பது மலைச்சரிவில், கோடையில் இலை உதிர்க்கும் காட்டில்.

இங்கே ஒரு வேடிக்கை. நீரை ஒட்டி நிற்பது நீர்மருது என்றாலும், உடம்புக்குள் நீரைத் தேக்கி வைப்பது கருமருது. 2024 மார்ச்சில் ஆந்திரத்தின் பாப்பிகொண்டலு தேசியப் பூங்காவில் வனத்துறையினர் ஒரு மரத்தின் முண்டுபோல் வீங்கிய பகுதியை வெட்டியதும் குழாய் திறந்ததுபோல் தண்ணீர் கொட்டிய காட்சி இணையத்தில் பரவியது. அந்த மரம் நல்லமத்தி, அதாவது கருமருது. அப்பகுதியின் கொண்டரெட்டி பழங்குடியினர் இதை முன்பே அறிந்திருந்தார்கள். காட்சியைக் கண்டு ஆற்றங்கரை மருதில் அரிவாளை வைத்தால் தண்ணீர் வராது, காயம்தான் மிஞ்சும்.

இலையைப் பார்ப்போம். நீர்மருதின் இலை நீள்சதுர வடிவம். ஒரு சாண் அளவுக்குள் இருக்கும். தொட்டால் வழவழப்பாகவும் சற்றுத் தடிப்பாகவும் இருக்கும். ஏறத்தாழ எதிரெதிராக அமைந்திருக்கும். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் புடைத்துத் தெரியும். கைக்கண்ணாடி இல்லாமலே காணலாம். கருமருதிலும் சுரப்பி உண்டு. ஆனால் அது இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பின் மேல், சிறு காம்புடன் நிற்கும். அதன் இளம் இலையில் மென்மயிர் அடர்ந்திருக்கும்.

ஐயம் தீராவிட்டால் தரையைப் பார்க்க வேண்டும். மருதின் காய் மரக்கட்டைபோல் கெட்டியானது. இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம். நீளவாட்டில் ஐந்து விளிம்புகள் எழுந்திருக்கும். கையில் எடுத்தால் சிறிய நட்சத்திரப் பழம் காய்ந்து கிடப்பதுபோல் தோன்றும். முதிர்ந்த காய் மரத்திலேயே பல மாதங்கள் தங்கும். நீர்மருதில் இந்த ஐந்து சிறகுகளும் குறுகலாக, விறைப்பாக இருக்கும். அவற்றின் மேல் ஓடும் நரம்புகள் மேல்நோக்கி வளையும். கருமருதின் காயிலும் ஐந்து சிறகுகள்தான். ஆனால் அவை அகலமானவை, தாள்போல் மெல்லியவை. நரம்புகள் நடுவிலிருந்து விளிம்பு வரை நேர்கோடாக ஓடும். பிள்ளமருதின் காயில் ஒரு சிறகு பெரிதாகவும் இரண்டு சிறிதாகவும் இருக்கும். பூமருதில் சிறகுள்ள காயே கிடையாது. உருண்டையான காய் வெடித்து உள்ளிருக்கும் விதைகள் சிறகுடன் பறக்கும். நான்கு மருதும் சந்திக்கும் எந்தச் சர்ச்சையையும் ஒரு காய் தீர்த்துவிடும்.

தொலைவிலிருந்து பார்த்துத் தைலமரத்தை மருது என்று எண்ணுபவர்களும் உண்டு. அதற்கும் வெளிறிய, உரியும் பட்டை. இலையைக் கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும்.

பட்டையின் விலை

மருதம்பட்டை சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் இதயத்துக்கு உரிய மருந்தாகச் சொல்லப்படுவது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த வாகபடர் இதை இதய நோய்க்குப் பரிந்துரைத்தார். பதினொன்றாம் நூற்றாண்டின் சக்ரதத்தரும் சொல்கிறார். நம் காலத்திலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எனினும் மருத்துவர் தரும் மருந்தை நிறுத்திவிட்டுப் பட்டைக் கஷாயம் குடிப்பதற்கு அவை எதுவும் உரிமம் தரவில்லை. மார்புவலி என்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

வரலாற்று நோக்கில் கவனிக்க வேண்டியது வேறு. அந்த மருத்துவர்கள் சொன்னது அர்ச்சுனத்தின் பட்டையை, கருமருதின் பட்டையை அல்ல. பட்டையாக உலர்த்தி, துண்டாக்கி, பொடியாக அரைத்து விற்கும்போது அடைமொழி உதிர்ந்து ‘மருதம்பட்டை’ மட்டுமே மிஞ்சுகிறது. சந்தையில் கருமருதின் பட்டை இதோடு கலப்பது மூலிகை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் குறை. பொடியில் வேறுபாடு காண ஆய்வகம் வேண்டும். முழுத் துண்டாக இருந்தால் கண்ணே போதும்: வெளிப்பக்கம் வழவழப்பாகவும் வெளிறியும் உட்பக்கம் செம்மை ஓடியும் இருப்பது நீர்மருது, கரடுமுரடாகக் கறுத்து வெடித்திருப்பது கருமருது. பொடியை வாங்காமல் பட்டையாக வாங்கச் சொன்ன பழைய நாட்டுமருந்துக் கடைக்காரர்களின் அறிவுரைக்கு இதுவே காரணம்.

எடுக்கும் முறையும் முக்கியம். ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படாமல் பட்டையை எடுத்தால் அந்த இடத்தில் புதுப்பட்டை வளரும். சுற்றி வளையமாக உரித்தால் மரம் நின்றபடியே பட்டுப்போகும்.

காவிரிக் கரையில் இன்று

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, காவிரியின் இந்தப் பகுதியை மாற்றிவிட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தேங்கும் நீர் பென்னாகரம் வட்டம் வரை பரவி, பழைய கரையையும் அதிலிருந்த ஊர்களையும் மூழ்கடித்தது. ஆற்றோர மரத்துக்குத் தேங்கிய ஏரியின் விளிம்பு பொருந்தாது. ஓர் ஆண்டு நீர் ஏறும், மறு ஆண்டு மைல்கணக்கில் வற்றிச் சேறும் வெடிப்புமாகக் கிடக்கும். நிலையான கரை என்று ஒன்று இல்லை. அதனால் இயல்பான ஆற்றோரக் காட்டைக் காண நீர்த்தேக்கத்துக்கு மேலே, ஒகேனக்கல் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

அந்தப் பகுதி இப்போது பெரும்பாலும் சரணாலயம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. அதையொட்டி 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022 நவம்பரில் வந்தது. யானைகள் நீருக்கு இறங்கும் கரை இது. நீர்நாயும் முதலையும் ஆற்றில் உண்டு. ஆனால் மருதோடு மிக நெருங்கிய உயிர் இவை எதுவும் அல்ல, சாம்பல்நிற மலையணில்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த அணில், ஆற்றோரத்தின் உயர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது. தரைக்கு இறங்க விரும்பாது. கிளைக்குக் கிளை தாவியே போகும். அதனால் தனி மரம் ஒன்று இருந்து பயனில்லை. ஒரு மருதின் கிளை அடுத்த நாவலின் கிளையைத் தொட வேண்டும், அது அடுத்த மரத்தைத் தொட வேண்டும். இடையில் இரண்டு மரம் விழுந்தால் அணிலின் வழி அங்கே அறுந்துவிடும்.

ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் மரம் நடும் குழுக்கள் நாற்றங்காலில் ‘மருது’ என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கன்றுப் பருவத்தில் அடிமரத்தின் நிறம் உதவாது. இலைக்காம்பின் சுரப்பியைப் பார்க்க வேண்டும். பூமருதுக் கன்றும் அதே பெயரில் வரக்கூடும். சாலையோரத்துக்கு அது அழகான மரம். ஆனால் அதிக மழை பெறும் காடுகளே அதன் இயல்பான இருப்பிடம்; காவிரியின் இந்த வறண்ட நடுப்பகுதிக்கு அது உரியதல்ல. கேட்கும்போதே நீர்மருது என்று கேட்பது நல்லது. காய்களை நேரடியாகக் கரையிலிருந்து பொறுக்கிக் கன்று வளர்ப்பது அதைவிடப் பாதுகாப்பானது. சரணாலய எல்லைக்குள் என்றால் அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுபவர்கள் அருவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர் பரிசலில் இருந்தபடியே கரைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். பாறையிடுக்கில் வெளுத்த தூருடன் நிற்கும் மரம், தாழ்ந்து தொங்கும் கிளை, அதில் புதுத்தளிரும் வெளிர்மஞ்சள் பூங்கதிரும் போன ஆண்டின் காய்ந்த ஐஞ்சிறகுக் காயும் ஒன்றாக இருக்கும். பூவையும் காயையும் ஒரே கிளையில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடத் தோதான மாதம் இல்லை.